கை மரத்துப்போனால் முதலில் சீட்டைப் பாருங்கள்

கேட்டவர் சென்னைக்காரர், வயது 34. ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பும் 300 கிலோமீட்டர் பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை பதினெட்டரை மணி நேரத்தில் முடித்திருக்கிறார். பாதி வழியில் உட்காருமிடம் மரத்துப்போனதால் சீட்டின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிட்டு மீதியை ஓட்டினாராம். கீழே சரியாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு கைகளிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடக்கின்றன. 12 நாள் ஆகிறது. இடது கை தேறி வருகிறது. வலது கையில் வீட்டுச் சாவியைத் திருப்பும்போது பிடி நழுவுகிறது. தடிமனான ஜெல் க்ளவுஸ் வாங்கலாமா, பி12 மாத்திரை போடலாமா, அடுத்த மாதம் 400 இருக்கிறதே, போகலாமா என்று மூன்று கேள்விகள்.

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது போகிற போக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான். சீட்டின் மூக்கைச் சாய்த்தீர்கள் அல்லவா, கை கெட்டது அங்கேதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். பத்துப் பதினோரு வருடமாக நெடுந்தூரமும் ஓட்டுகிறேன். கை மரத்துப்போச்சு என்று வருகிற சைக்கிள்காரர்களின் கையைப் பரிசோதித்து முடித்ததும், அடுத்த முறை வரும்போது சைக்கிளையும் கொண்டு வாருங்கள் என்பேன். பாதிப் பேர் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சைக்கிளை நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், பெரும்பாலும் காரணம் ஹேண்டில்பாரில் இருக்காது. அதற்கு ஒன்றரை முழம் பின்னால் இருக்கும்.

முதலில் நரம்பைப் பார்த்துவிடுவோம். எந்த விரல் மரத்தது என்று சொன்னாலே எந்த நரம்பு என்று பாதி தெரிந்துவிடும். சுண்டுவிரலும், அதை ஒட்டிய பாதி மோதிர விரலும் அல்னார் நரம்பின் பங்கு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுர்ரென்று மின்சாரம் பாய்கிறதே, அதே நரம்புதான். அது முன்கையில் இறங்கி, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு குறுகலான சந்து வழியே உள்ளங்கைக்குள் நுழைகிறது. சந்தின் ஒரு பக்கம் பட்டாணி போல ஒரு குட்டி எலும்பு, பெயர் பிசிஃபார்ம். மறுபக்கம் ஹாமேட் என்ற எலும்பின் கொக்கி. இந்தச் சந்தை 1861இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் கீயோனின் பெயரால் இதைக் கீயோன் கால்வாய் என்கிறார்கள்.

இப்போதே தொட்டுப் பார்க்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்புக்கு ஒட்டினாற்போல அழுத்துங்கள். உருண்டையாக ஒன்று தட்டுப்படும், அதுதான் பிசிஃபார்ம். சைக்கிளில் குனிந்து ஹேண்டில்பாரில் சாயும்போது மேலுடம்பின் எடை வந்து இறங்குவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலுக்குப் போகும் மீடியன் நரம்பின் மேல் தடித்த பட்டை ஒன்று கூரை போல மூடியிருக்கிறது. அல்னார் நரம்பு அந்தக் கூரைக்கும் மேலே, தோலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் அழுத்தம் நேராக அதன் மேல்தான் விழும். சைக்கிள்காரர்களுக்கு சுண்டுவிரல் பக்கம் அடிக்கடி மரப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விஷயம்தான் பலருக்குத் தெரியாது. அந்தச் சந்துக்குள்ளேயே நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை உணர்ச்சிக்கு, தோலுக்குப் போகிறது. மற்றொன்று கொக்கியைச் சுற்றிக்கொண்டு ஆழமாக இறங்கி, கையின் குட்டித் தசைகளை இயக்குகிறது. விரல்களை விரிப்பது, சேர்ப்பது, கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு அழுத்திப் பிடிப்பது எல்லாம் இந்தக் கிளையின் வேலை. அழுத்தம் கொஞ்சம் தள்ளி விழுந்தால் இந்தக் கிளை மட்டும் அடிபடும். அப்போது மரப்பே இருக்காது, வலியும் இருக்காது, பலம் மட்டும் போயிருக்கும்.

எனக்கு நடந்தது அதுதான். முதல் 600 முடித்த மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தேன். விரல்களில் மரப்பு துளியும் இல்லை, அதனால் கை நன்றாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாம்பார் சோற்றைப் பிசைந்து அள்ளினால் கவளம் நிற்கவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, இடுக்கு வழியாகச் சோறு இலையிலேயே திரும்ப விழுந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஊருக்கெல்லாம் நரம்பைப் பற்றிச் சொல்பவனுக்கு அந்த ஸ்பூனோடு பத்து வாரம் போனது. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் நீளமான 120 மில்லிமீட்டர் ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில்பாரைத் தாங்கி முன்னால் நீளும் துண்டை, மாற்றச் சோம்பல்பட்டதற்குக் கிடைத்த பலன்.

இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் நடப்பதில்லை. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 600 கிலோமீட்டர் ஓட்டிய 25 பேரின் கைகளை ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். 23 பேருக்கு மரப்போ பலக்குறைவோ இரண்டுமோ இருந்தன. பல வருட அனுபவம் உள்ளவர்களும் தப்பவில்லை. வேறொரு ஆய்வில் பல நாள் ஓட்டம் ஒன்றுக்கு முன்னும் பின்னும் நரம்பின் வேகத்தை மின்சாரத்தால் அளந்தார்கள். நான் மேலே சொன்ன அந்த ஆழக் கிளையில்தான் தாமதம் தெரிந்தது.

நரம்பு அழுந்தினால் உள்ளே என்ன ஆகிறது? முதலில் நரம்புக்கு உணவளிக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். எறும்பு ஊர்வது போல் இருக்கும். கையை எடுத்து உதறினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அதையும் மீறி மணிக்கணக்கில் அழுத்தினால் நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மயலின் உறை அந்த இடத்தில் சிதையும். ஒயரின் ரப்பர் உரிந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தி அங்கேயே நின்றுவிடும். உறை மறுபடி வளரச் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்வரை ஆகும். அதற்கும் மேலே போனால் உள்ளிழையே அறுபடும். அறுந்த இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் இடுக்குத் தசைவரை எட்டுப் பத்து சென்டிமீட்டர் இருக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு 12 நாளாகியும் போகவில்லை என்பதால் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இடது கை தேறுவதைப் பார்த்தால் இரண்டாம் கட்டமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வலது கையை மட்டும் விட்டுவிடாமல் பார்க்க வேண்டும்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன்.

சைக்கிளில் உங்களைத் தாங்குவது மூன்று இடங்கள்: பெடல், சீட், ஹேண்டில்பார். ஒன்றில் குறைந்த எடை மற்ற இரண்டில் ஏறியே தீரும். சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தால் அது சறுக்குமரம் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னால் வழுக்கும். நீங்கள் அறியாமலே கைகளால் உங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பீர்கள். ஒரு மணி நேரத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் மிதி. மகாபலிபுரம் தாண்டுவதற்குள்ளேயே கை களைத்து, முழங்கை நேராகப் பூட்டிக்கொள்ளும். பிறகு சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் தோள்வரை தடையில்லாமல் ஏறும். பாலங்களின் இணைப்புகள், வரிசையாகப் போட்டிருக்கும் வேகத்தடைக் கோடுகள் எல்லாவற்றுக்கும் இடையில் அகப்பட்டது அந்தப் பட்டாணி எலும்பும் நரம்பும்தான்.

கீழே ஒரு நரம்பைக் காப்பாற்றப் போய் மேலே ஒரு நரம்பைக் கொடுத்திருக்கிறீர்கள். இது அபூர்வமும் இல்லை. நார்வேயில் த்ரொண்ட்ஹைமிலிருந்து ஆஸ்லோவரை 540 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடக்கிறது. அதில் ஓட்டியவர்களிடம் கேட்டு 1997இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதில் சொன்ன 160 ஆண்களில் 33 பேருக்கு ஆணுறுப்பு மரத்திருந்தது. 21 பேருக்கு விறைப்புத்தன்மை பாதிக்கப்பட்டது. அவர்களில் 11 பேருக்கு ஒரு வாரத்துக்கு மேலும், 3 பேருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் அது நீடித்தது. கீழே தொந்தரவு இருந்தவர்களுக்குக் கையில் பலக்குறைவும் சேர்ந்தே காணப்பட்டது என்பது அதே ஆய்வில் இருக்கிறது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரே சைக்கிள், ஒரே தப்பான உட்காரல்.

நம் ஊர் பழைய உயரமான சைக்கிளை நினைத்துப் பாருங்கள். இருபத்திரண்டு கிலோ எடை, இரும்பு, கியர் கிடையாது. அதில் பால் கேனும் அரிசி மூட்டையும் கட்டி ஆயுள் முழுக்க ஓட்டியவர்கள் முட்டி வலியைச் சொல்வார்கள், முதுகைச் சொல்வார்கள். சுண்டுவிரல் மரக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஸ்பிரிங் வைத்த அகலமான சீட், நெஞ்சுக்கு நேரே வளைந்து வரும் ஹேண்டில்பார். எடை முழுவதும் சீட்டில் இருக்கும், கை சும்மா வழிகாட்டும். அதற்காக 400 கிலோமீட்டருக்கு அந்த சைக்கிளை எடுத்துப் போகச் சொல்லவில்லை. கைக்கு எடை போகக் கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? ஒரு ரசமட்டத்தை எடுங்கள், இல்லையென்றால் போனில் உள்ள லெவல் போதும். சீட்டின் நீளத்துக்கு ஒரு தட்டையான பலகையோ கெட்டி அட்டைப் புத்தகமோ வைத்து அதன்மேல் பாருங்கள். முதலில் மட்டமாக வையுங்கள். தேவைப்பட்டால் ஒரு டிகிரி, அதிகம் போனால் இரண்டு டிகிரி கீழே. அதற்கு மேல் சாய்க்கத் தோன்றினால் கோளாறு சாய்வில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோ பெரும்பாலும் உயரம். சீட் அதிக உயரத்தில் இருந்தால் பெடலை எட்ட இடுப்பு இடமும் வலமும் ஆடும். சீட்டின் நடு மேடு கவட்டையில் அறுக்கும். அதனால்தான் மரத்தது, அதனால்தான் நீங்கள் மூக்கைச் சாய்த்தீர்கள் என்பது என் ஊகம். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றினால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக வேண்டும், ஆனால் இடுப்பு சாயக் கூடாது. இது கச்சிதமான அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்மூடித்தனமான தப்பைப் பிடித்துவிடும்.

அடுத்தது சீட் முன்னா பின்னா என்பது. ஆளில்லாத நேரான சாலையிலோ, சைக்கிளை நகராமல் மாட்டி வீட்டிலேயே மிதிக்கும் டிரெய்னரிலோ, ஓரளவு பலமாக மிதித்துக்கொண்டே, முதுகின் சாய்வை மாற்றாமல் இரண்டு கைகளையும் ஹேண்டில்பாரிலிருந்து ஓர் அங்குலம் தூக்குங்கள். டிரெய்னரே நல்லது, விழுந்து வைக்காதீர்கள். சில விநாடி அப்படியே இருக்க முடிந்தால் சமநிலை சரி. மூக்கு குப்புற முன்னால் விழுகிறீர்கள் என்றால் உங்கள் எடை கையில்தான் இருந்திருக்கிறது. சீட்டை ஐந்து மில்லிமீட்டர் பின்னால் தள்ளி மறுபடி பாருங்கள். கேட்கும்போது தலைகீழாகத் தெரியும். கை எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளுவதுதான் எல்லோரும் செய்வது, அது கையின் பாரத்தைக் கூட்டவே செய்யும். எட்டவில்லை என்றால் ஸ்டெம்மைக் குட்டையாக்க வேண்டும். 110 இருந்தால் 90 அல்லது 80. ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் சும்மா கிடந்தால் அவற்றை அடியில் போட்டு ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். அழகாக இருக்காது என்று நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் கை அவர்களுக்கு, உங்கள் கை உங்களுக்கு.

பிரேக் பிடியின் மேல்பகுதியைப் பிடிக்கும்போது முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடிந்தாலோ சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்தாலோ சந்து இன்னும் குறுகும். ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மோசம். நேரான பாரில் பிடிக்க ஒரே இடம்தான், அதுவும் மணிக்கட்டு பின்னால் மடிந்தபடி. இறக்கை மாதிரி அகலமான கைப்பிடி விற்கிறார்கள், அது உள்ளங்கை முழுவதும் எடையைப் பரப்பிவிடும். முனையில் கொம்பு மாட்டினால் பிடிக்க இன்னொரு இடம் கிடைக்கும். மீடியன் நரம்பு தொந்தரவு, அதாவது கட்டைவிரல் பக்க மூன்று விரல் மரப்பு, இவர்களிடம் நான் அதிகம் பார்க்கிறேன். ராத்திரி தூக்கத்தில் எழுப்பி கையை உதற வைக்கும் மரப்பு என்றால் அது பெரும்பாலும் இந்த நரம்புதான்.

டயரையும் மறக்காதீர்கள். 25 மில்லிமீட்டர் டயரில் கல் மாதிரி 110 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு வேகம் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உங்கள் ஃபிரேமில் இடம் இருந்தால் 28 அல்லது 32 போடுங்கள். எழுபது கிலோ ஆளுக்கு 28இல் எழுபது, எழுபத்தைந்து பிஎஸ்ஐ தாராளம். நம் சாலைகளுக்கு இதைவிட மலிவான நரம்பு வைத்தியம் எனக்குத் தெரியாது.

இனி க்ளவுஸ். கடைசியில் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பேட் வைத்த க்ளவுஸ் அந்த இடத்து அழுத்தத்தை ஏறக்குறைய பத்திலிருந்து முப்பது சதவீதத்துக்குள் குறைக்கிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹேண்டில்பாரின் வளைந்த அடிப்பகுதியைப் பிடிக்கும்போதுதான் அழுத்தம் மிக அதிகம் என்பதும் அதே சோதனையில் தெரிந்தது. முப்பது சதவீதம் நல்லதுதான். ஆனால் சீட் சறுக்குமரமாக இருக்கும்போது கைக்கு வருகிற கூடுதல் பாரத்தில் அது கரைந்துவிடும். தடிமனான ஜெல் இன்னொரு வம்பும் செய்யும். பிடி தடித்துவிடுவதால் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், ஜெல் ஒதுங்கி நரம்பின் மேலேயே மேடு கட்டும். மிதமான பேட் போதும். பேட் பிசிஃபார்முக்கு இரண்டு பக்கமும் இருந்து நடுவில் பள்ளம் விட்டிருந்தால் இன்னும் நல்லது. மீதிப் பணத்தில் ஹேண்டில்பார் டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள்.

கவட்டை மரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் வாய் திறப்பதில்லை. அங்கே ஓடுவது புடெண்டல் நரம்பு. தண்டுவடத்தின் அடியிலிருந்து வந்து, இடுப்பெலும்பின் உள்பக்கச் சந்து வழியாகப் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்ப் பகுதிக்கும் போகிறது. நாம் உட்கார வேண்டியது இடுப்பின் அடியில் இரண்டு பக்கமும் உள்ள எலும்பு முனைகளின் மேல். சீட் அகலம் போதாவிட்டால் எலும்புகள் இரண்டு பக்கமும் தொங்கி, நடுவிலுள்ள மெத்தென்ற சதை எடையைத் தாங்கும். நரம்பும் ரத்தக்குழாயும் அங்கேதான் இருக்கின்றன. எலும்புகளின் இடைவெளியை அளப்பது சுலபம். அலையலையான மடிப்புள்ள பார்சல் அட்டை ஒன்றைக் கெட்டியான படிக்கட்டில் போட்டு, முட்டியைக் கொஞ்சம் தூக்கி முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதைவிடச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலமான சீட்டாகப் பாருங்கள். நடுவில் வெட்டுவிட்ட சீட் சிலருக்கு வரம், சிலருக்கு வெட்டின் விளிம்பே அறுக்கும். ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மெத்தை உறை வாங்கிப் போடாதீர்கள், அது நடுவில் பிதுங்கி அழுத்தத்தைக் கூட்டத்தான் செய்யும்.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களிடம் இந்தப் பிரச்சினையை அரசின் தொழில்நலத் துறையே ஆராய்ந்தது. 90 பேருக்கு மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து ஆறு மாதம் ஓட்ட வைத்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மரப்பு பெருமளவு குறைந்திருந்தது. நெடுந்தூரத்துக்கு அந்தச் சீட் எல்லோருக்கும் சரிப்படாது, தொடையால் சைக்கிளைக் கட்டுப்படுத்துவது சிரமம். ஆனால் எதில் உட்கார வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் தெளிவாகிவிட்டது. பெண்களுக்கு இது வராது என்று நினைக்கிறார்கள், தப்பு. ஹேண்டில்பார் சீட்டைவிடத் தாழ்ந்திருக்கும்போது பெண்களுக்கும் அழுத்தம் கூடி உணர்ச்சி குறைகிறது என்று ஆய்வு இருக்கிறது. எங்களிடம் வரும் பெண்கள் இதை மூன்றாவது நான்காவது முறை வரும்போதுதான் சொல்கிறார்கள்.

கால் விரல் மரப்பு சின்ன விஷயம். ஷூ இறுக்கம், அல்லது ஷூவைப் பெடலோடு பூட்டும் க்ளீட் விரல் பக்கமாக அதிகம் முன்னால் இருக்கிறது. வெயிலில் பாதம் வீங்கும், ஷூவை மாலையில் வாங்குங்கள், க்ளீட்டைப் பின்னால் தள்ளுங்கள். அனேகமாக முடிந்துவிடும்.

ஓட்டும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், ஒரே நிலையில் இருக்காமல் இருப்பது. சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது முப்பது மிதி மிதியுங்கள். முழங்கை எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்கட்டும். ஈ.சி.ஆரில் இதுதான் சிக்கல். ஏற்றம் இறக்கம் இருந்தால் உடம்பு தானாக எழுந்து உட்காரும். சமதளச் சாலையில் எதிர்க்காற்றில் குனிந்து, மணிக்கணக்கில் அசையாமல் இருந்துவிடுவோம். மணியை ஞாபகப்படுத்த சைக்கிள் கம்ப்யூட்டரில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வயிறு, முதுகுத் தசைக்கான பயிற்சி. மேலுடம்பைத் தூக்கிப் பிடிக்கும் பலம் இடுப்பில் இல்லையென்றால் 200 கிலோமீட்டருக்கு மேல் அந்த வேலையும் கைக்கு வந்துவிடும்.

இனி உங்கள் வலது கை. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். சாவி பிடிக்கும் பிடி அது. கட்டைவிரலின் நுனி மூட்டு மடிந்துகொண்டு பிடிக்கப் பார்த்தால் அந்த ஆழக் கிளை பலவீனமாக இருக்கிறது. ஃப்ரொமான் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்ன பழைய சோதனை, இன்றைக்கும் இதைவிட எளிது இல்லை. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு அட்டையை வைத்து இழுத்தும் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை மேட்டை இரண்டு கைகளிலும் ஒப்பிடுங்கள். வலதில் குழி விழுந்திருந்தால் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடமோ கை அறுவை மருத்துவரிடமோ போங்கள்.

குழி இல்லாவிட்டாலும், சாவி நழுவுவதால் உங்களைப் போகத்தான் சொல்வேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சைக்கிள் ஓட்டினால் கை மரக்கும் என்பதால் மரத்ததெல்லாம் சைக்கிளால்தான் என்று ஆகிவிடாது. கையின் பின்பக்கம், சுண்டுவிரல் ஓரமும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் இல்லை, அந்த இடத்துக்கான கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்துவிடுகிறது. அப்போது முழங்கையைச் சந்தேகப்பட வேண்டும். முன்கையின் உள்பக்கமும் சேர்ந்து மரத்து, கழுத்தைத் திருப்பினால் கூடினால், கழுத்தில் நரம்பு அழுந்தியிருக்கலாம். சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். நம் ஊரில் மருத்துவர் உங்கள் முழங்கைக்குப் பின்னால் அல்னார் நரம்பைத் தடவிப் பார்ப்பார், தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருக்கிறதா என்று கேட்பார். தொழுநோயில் முதலில் தடிக்கிற நரம்புகளில் இதுவும் ஒன்று. பயப்பட வேண்டாம், மாத்திரையில் குணமாகும் நோய், தாமதித்தால்தான் விரல் மடங்கும். அப்படி மடங்கிய விரல்களுக்குத் தசைநாணை மாற்றித் தைத்து மறுபடி பிடிக்க வைத்த அறுவை சிகிச்சையை 1940களின் கடைசியில் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் பால் பிராண்ட் தொடங்கினார். நீங்கள் சாவி திருப்ப முடியாமல் தவிக்கும் அதே குட்டித் தசைகளின் வேலையைத்தான் அவர் வேறு தசைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

நரம்பின் வேகத்தை மின்சாரத்தால் அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கச் சொன்னால் எடுங்கள். அடிபட்டு மூன்று வாரம் ஆன பிறகு எடுத்தால்தான் இழை அறுந்ததா, உறை மட்டும் சிதைந்ததா என்பது ஒழுங்காகத் தெரியும். ஓட்டத்தின்போது விழுந்து உள்ளங்கையை ஊன்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஹாமேட்டின் கொக்கி முறிந்திருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் அது எளிதில் தப்பிவிடும். உட்காருமிடத்து மரப்பு சைக்கிளைவிட்டு இறங்கியபிறகும் நீடித்து, அதோடு முதுகுவலியும் சிறுநீர் போவதில் தடுமாற்றமும் சேர்ந்தால், அது சைக்கிள் விஷயமே இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பி12 பற்றி. சைவம் சாப்பிடுகிறவர் என்றால் ரத்தத்தில் அளவைப் பாருங்கள், நம்மில் பலருக்குக் குறைவாகவே இருக்கும். பி12 குறைந்த நரம்பு சுலபமாக அடிபடும், மெதுவாகத் தேறும். குறைவு இருந்தால் மாத்திரை உதவும். அளவு சரியாக இருக்கும்போது போட்டால் அதிகமானது சிறுநீரில் போய்விடும், அவ்வளவுதான். அழுத்தத்தை எந்த மாத்திரையும் எடுக்காது.

கை தேறும்வரை உள்ளங்கையில் எடை விழும் எதுவும் வேண்டாம். தண்டால், பைக்கில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி நீண்ட பயணம், லேப்டாப் விளிம்பில் மணிக்கட்டை ஊன்றுவது எல்லாம் நிறுத்துங்கள். ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுக்கொள்ளலாம். முழங்கையை மடித்துத் தலைக்கடியில் வைத்துத் தூங்காதீர்கள். கால் வலு குறையக் கூடாதென்றால் டிரெய்னரில் நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தொடையில் வைத்துக்கொண்டு மிதியுங்கள்.

அடுத்த மாதம் 400 வேண்டாம். 27 மணி நேரக் கெடு அது. பாதி இருட்டில், களைப்பில் கை எங்கே அழுந்துகிறது என்று யாருக்கும் கவனம் இருக்காது. காகிதச் சோதனையில் இரண்டு கைகளும் சமமாகி, சும்மா இருக்கும்போது மரப்பு துளியும் இல்லாமல் ஆன பிறகு, திருத்திய சைக்கிளில் 40 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். அன்றிரவும் மறுநாளும் கை சும்மா இருந்தால் அடுத்த வாரம் 80, பிறகு 150. எந்தக் கட்டத்திலாவது, சைக்கிளைவிட்டு இறங்கிய பத்து நிமிடத்துக்குள் மரப்பு போகாவிட்டால் ஒரு படி பின்னால் வாருங்கள். சீட்டைத் தொடுவதற்கு முன் இப்போதுள்ள உயரத்தையும் சாய்வையும் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃபிரேமில் ஒட்டிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரசமட்டம் என்ன காட்டியது என்று எழுதுங்கள், சைக்கிளில் உட்கார்ந்தபடி பக்கவாட்டில் எடுத்த ஒரு படமும் வேண்டும்.